அரிப்பூட்டி என்னும் அபத்தம்

சென்னைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில், தோலை வேகவைத்துவிடும் கடுங்காரமான சோடியம் ஹைட்ராக்சைடு இருந்த புட்டியின் மேல் ‘அரிப்பூட்டி – கவனம்’ என்று அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. கையுறை போடாமல் அதை எடுத்த உதவியாளரிடம் சீட்டைச் சுட்டிக் காட்டினேன். “அரிப்புதானே சார், தேங்காயெண்ணெ தடவினா போயிடும்” என்றார். அவர் மேல் குற்றமில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார். பாதுகாப்புப் பலகைகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் இதே சொல்லைக் கண்டு சலித்துப்போன பிறகே இதை எழுதுகிறேன்.

‘அரிப்பூட்டி’ என்று தமிழாக்கப்பட்டிருப்பது, பட்டதை அரித்து அழிப்பதைக் குறிக்கும் ‘கரோசிவ்’ (corrosive) என்ற ஆங்கிலச் சொல். அது கொறித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. எலி முதலிய கொறிணிகளின் ஆங்கிலப் பெயருக்கும் அதுவே வேர். தமிழில் அதற்கு நேரானது ‘அரி’. ஆகவே வேரைத் தேர்ந்தவர் தவறவில்லை, அதற்கு விகுதி வைத்தவர்தான் தவறினார்.

‘மரத்தைக் கறையான் அரிக்கிறது’ என இரண்டாம் வேற்றுமை வந்தால் அழிவு. ‘எனக்கு அரிக்கிறது’ என நான்காம் வேற்றுமை வந்தால் நமைச்சல். ‘அரிப்பு’ என்று பெயராக்கியதும் இரண்டையும் பிரித்துக் காட்டிய உருபு உதிர்ந்துவிடுகிறது. முன்னால் வேறொரு சொல் துணை நின்றால் பொருள் பிழைத்துக்கொள்ளும். மண்ணரிப்பு என்றாலோ, எண்ணூர்க் கரையில் கடலரிப்பு என்றாலோ எவரும் சொறியப் போவதில்லை. தனித்து நின்று, அதுவும் மனிதத் தோலைப் பற்றிப் பேசும் இடத்தில் நின்று, அது நமைச்சலை அன்றி வேறெதைத் தரும்? போதாக்குறைக்கு ‘ஊட்டி’ வேறு. சுவையூட்டி சுவையைத் தரும், நிறமூட்டி நிறத்தைத் தரும், அரிப்பூட்டி அரிப்பைத் தரும். காஞ்சொறிச் செடிக்கும் பூனைக்காலியின் சுணைக்கும் பொருத்தமான பெயர்தான். அடர் கந்தக அமிலத்துக்கு அன்று.

சூழலை வைத்துப் படிப்பவர் புரிந்துகொள்வார் என்று மொழிபெயர்ப்பாளர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அந்தச் சூழலே அவர்களுக்கு எதிராக நிற்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட, வேதிப்பொருள்களை வகைப்படுத்திச் சீட்டிடும் முறை, தோலுக்கு வரும் தீங்கை இரண்டாகப் பிரிக்கிறது. ஆறித் தோல் பழைய நிலைக்குத் திரும்பினால் அது எரிச்சல், அதற்கு வியப்புக்குறிப் படம். மேல்தோலைத் துளைத்து உள்தோல்வரை திசு மீளாமல் செத்துப்போனால் அதுவே கரோசிவ், அதற்கு உலோகத்தின் மேலும் கையின் மேலும் திரவம் கொட்டும் படம். எரிச்சலூட்டியையும் அரிப்பூட்டியையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிற எவரும் இரண்டாவதை இலேசானது என்றே எண்ணுவார். அந்தப் புட்டியில் இருந்தது போன்ற காரமோ இன்னும் வஞ்சகமானது. தோலின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கி வழவழப்பாகத்தான் முதலில் தெரியும், வலி பிந்தியே வரலாம். அரிக்கட்டும், பிறகு கழுவலாம் என்று காத்திருப்பவர், தண்ணீரைத் திறந்துவிட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டிய நேரத்தை இழந்திருப்பார்.

உலோகம் அரிக்கப்படுவதற்குப் பாடநூல்கள் வழங்கிய ‘அரிமானம்’ நல்ல சொல். நமைச்சல் அதில் ஒட்டவில்லை. ‘அரிமானப் பொருள்’ என்று நூலில் எழுதுவதில் எனக்குத் தடையில்லை. உடம்புக்கு மட்டும் வேறு சொல் வேண்டும், அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் வாய் வெந்துபோயிற்று என்கிறோம்; ஆசிட் பட்டால் தோல் வெந்துவிட்டது என்கிறோம். சுண்ணாம்பும் காரமே என்பதை நினைத்தால், வெற்றிலை போட்ட நம் பாட்டிமார் மொழிபெயர்ப்பாளர்களைவிடத் துல்லியமாகப் பேசியிருக்கிறார்கள் என்பது விளங்கும். ஆங்கிலம் ஒரே சொல்லால் இரும்பையும் தோலையும் குறித்தால், தமிழும் ஒரே சொல்லில்தான் குறிக்க வேண்டும் என்று யார் விதித்தது? தனித்தமிழ் வேண்டும் என்பதில் நான் எவருக்கும் பின்னிற்பவன் அல்லன். ஆனால் அகராதியைப் பார்த்து விகுதி ஒட்டுவதைத் தமிழாக்கம் என்று ஏற்க முடியவில்லை.

‘பட்டால் தோல் வெந்துவிடும், கண் போய்விடும்’ என்று அச்சிடலாம் என்று ஆய்வகத்தாரிடம் சொன்னேன். சீட்டில் இடம் போதாது என்றார்கள். ‘பட்டால் வேகும்’ என்பது அரிப்பூட்டி இருந்த இடத்திலேயே அடங்கிவிடும்.