ஹைலோ மாட்டும் முன் ரசீதைப் பாருங்கள்: சஸ்பென்ஷன் மாற்றமும் பயனீட்டாளர் உரிமையும்

பினாங்குப் பாலத்தில் ஒவ்வோர் இணைப்பிலும் பின்பக்கம் 'டொக்' என்று சத்தம் வர ஆரம்பித்தபோது, என் மைவி காடிக்கு ஹைலோ (உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய சஸ்பென்ஷன் செட்) மாட்டி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். இடது பின் எப்சோபர் (அதிர்வு தாங்கி) தண்டில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, கறுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது. பட்டறைக்குக் கொண்டு போனால், "மாட்டின சாமானுக்கு கேரண்டி இல்லண்ணே" என்றார் கடைக்காரர். சுவரிலும் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தது. என் கையிலிருந்த ரசீதில் 'ஹைலோ 1 செட்' என்று மட்டும் இருந்தது. பிராண்ட் இல்லை, மாடல் எண் இல்லை, கூலியும் தனியாக எழுதப்படவில்லை.

சுவரில் ஒட்டிய அந்த வாசகத்துக்குச் சட்டத்தில் பலம் இல்லை என்பது எனக்கு அன்று தெரியாது. நம் பையன்கள் பலர் மாதக்கணக்கில் காசு சேர்த்து ஹைலோ மாட்டுகிறார்கள். பொருள் பழுதானால் தலைவிதி என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். ஹைலோ என்பது உயரம் மாற்றக்கூடிய ஒரு காயில்ஓவர் செட். காயில்ஓவர் என்பது எப்சோபரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே அலகாக இருப்பது. மைவி, ஆக்ஸியா போன்ற சின்னக் காடிகளில் முன்பக்கம் ஏற்கெனவே இந்த அமைப்புதான். ஹைலோ செட்டில் எப்சோபரின் வெளி உடலில் திருகு மரை வெட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை அந்த மரையில் மேலும் கீழுமாகத் திருகி உயரத்தை மாற்றலாம். வளையத்தை இறக்கினால் காடியும் இறங்கும். அதன் அடியில் இன்னொரு பூட்டு வளையம் இருக்கும். அதைக் கொக்கி ஸ்பேனரால் இறுக்காமல் விட்டால் அதிர்வில் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும்.

பின்பக்கம் கதை வேறு. இந்தக் காடிகளில் பின்சக்கரங்கள் ஒரே டார்ஷன் பீமில் (இரண்டையும் இணைக்கும் குறுக்குத் தண்டில்) இருப்பதால் ஸ்பிரிங் தனி, எப்சோபர் தனி. பெட்டியில் 'காயில்ஓவர்' என்று இருந்தாலும் பின்னால் வருவது ஒரு குட்டை ஸ்பிரிங், உயரம் மாற்ற ஒரு திருகுத் தட்டு, தனியே ஒரு எப்சோபர், அவ்வளவுதான். 'பாடி ஷிஃப்ட்' வகை என்றால் கீழ் பிராக்கெட்டையே திருகி உயரத்தைக் குறைக்கலாம். அதில் ஸ்பிரிங்கின் முன்இறுக்கமும் எப்சோபர் தண்டு நகரும் தூரமும் மாறாது. அந்த வசதி இல்லாத செட்டை ஆசைக்கு அடிமட்டம் வரை இறக்கினால், எப்சோபர் தண்டு பள்ளத்துக்குப் பள்ளம் ரப்பர் தடுப்பில் போய் மோதும். எண்ணெயை உள்ளே நிறுத்தும் சீல் சீக்கிரம் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இது ஏன் முக்கியம் என்பது வழக்கு என்று வரும்போது தெரியும்.

சரி, ஜேபிஜேக்கு, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறைக்கு வருவோம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகன (கட்டமைப்பு, பயன்பாடு) விதிகளும்தான் இதற்கு அடிப்படை. நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு மாடலும் எந்த அமைப்பில் ஒப்புதல் பெற்றதோ, அந்த அமைப்பில்தான் சாலையில் ஓட வேண்டும். முன் அனுமதி இல்லாமல் அதை மாற்றக் கூடாது என்பதே பொது நிலை. சாலைத் தடுப்பில் அதிகாரி முதலில் பார்ப்பது கண்ணுக்குத் தெரிவதைத்தான்: சக்கரம் மட்கார்டில் உரசுகிறதா, டயர் வெளியே நீட்டுகிறதா, அடிப்பாகம் தரையைத் தொடுகிற மாதிரி இருக்கிறதா. குற்றம் என்று கண்டால் சம்மன் வரும். ஆபத்தான நிலை என்று பட்டால், சரிசெய்து காட்டும்வரை காடியை ஓட்டக் கூடாது என்று நோட்டீஸும் கொடுக்கலாம். 'லேசாகத்தானே இறக்கியிருக்கிறேன்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. சந்தேகம் இருந்தால் மாட்டுவதற்கு முன்பே மாநில ஜேபிஜே அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் "ஜேபிஜே ஓகே" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். சம்மன் கடைக்காரர் பேரில் வராது, உங்கள் பேரில்தான் வரும்.

சொந்தக் காடிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கிடையாது என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காடியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனை உண்டு. அங்கே பிரேக், முன்விளக்கு, சக்கரத்தின் பக்கச் சறுக்கல் ஆகியவற்றோடு சஸ்பென்ஷனும் சோதிக்கப்படும். மின்பதிவுச் சேவையில் (செயலி வழி வாடகைக் காடி) ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அடிக்கடி வரும். அதனால் கழற்றிய பழைய எப்சோபர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் பிறகு இரண்டாவது முறை காசு கொடுத்துப் பழசைத் தேடி வாங்க வேண்டிவரும்.

காப்புறுதி பற்றி இரண்டு வரி. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, பாலிசி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் கொடுக்காமல் இருக்கத் தக்க கவனம் எடுப்பது உங்கள் கடமை. மாற்றம் செய்த காடியா என்று கேட்டால் ஆமாம் என்று எழுதுங்கள். பாலிசித் தாளில் மாற்றங்கள் பற்றி என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். புதுக் காடியானால் உற்பத்தியாளர் உத்தரவாதமும் அந்தப் பாகத்துக்குச் சிக்கலாகும்.

இனி நம் பக்கம் இருக்கும் உரிமை. இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் விற்கும் எந்தப் பொருளும் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சொன்ன வேலைக்குப் பொருந்த வேண்டும். மாட்டும் வேலை என்றால் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்த உத்தரவாதங்களைக் கடைக்காரர் ஒரு அறிவிப்பு ஒட்டி ரத்து செய்ய முடியாது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது', 'கேரண்டி இல்லை' என்ற பலகைகள் சட்டம் தந்த உரிமையைப் பறிக்காது. பழைய பொருளுக்கும், ஹாஃப்கட் கடையில் (பழைய காடிகளை வெட்டிப் பாகம் விற்கும் கடை) வாங்கிய ஜப்பான் செட்டுக்கும்கூட இது பொருந்தும். ஆனால் விலையையும் பழமையையும் பார்த்துத்தான் தரம் அளக்கப்படும். குறையை முன்கூட்டியே காட்டி விற்றிருந்தால் அதைச் சொல்லிப் பிறகு கேட்க முடியாது.

பொருள் பழுதானால் முதலில் கடைக்காரருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவர் சரிசெய்யலாம், மாற்றித் தரலாம், பணத்தைத் திருப்பித் தரலாம். நியாயமான காலத்துக்குள் எதுவும் செய்யவில்லை என்றால், நீங்கள் வேறு இடத்தில் சரிசெய்து அந்தச் செலவை அவரிடம் கேட்கலாம், அல்லது பொருளையே நிராகரிக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. நியாயமான பயனீட்டாளர் பயன்படுத்தாத முறையில் நீங்கள் பயன்படுத்தியிருந்தால் உரிமை பலவீனமாகிவிடும். அடிமட்டம் வரை இறக்கி ஓட்டியதால்தான் சீல் போனது என்று கடைக்காரர் சொல்வார். அதற்குப் பதில் சொல்ல, மாட்டிய அன்று எந்த உயரத்தில் வைத்தார்கள் என்பதற்கு ஒரு படம் போதும். மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கரத்தின் மையம் வரை டேப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி நான்கு மூலையிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டாம். எதிர்த்தரப்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். பாரம் 1 என்ற விண்ணப்பத்தாளை நிரப்பி, எதை எப்போது எவ்வளவுக்கு வாங்கினீர்கள், என்ன பழுது, எவ்வளவு கேட்கிறீர்கள் என்று சுருக்கமாக எழுதிக் கொடுத்தால் போதும். இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கடைக்காரர் பாரம் 2-இல் பதில் போட வேண்டும், அவருக்கு 14 நாள். மன்றத்தின் தீர்ப்பு நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். விபத்தில் காயம்பட்டதற்கான இழப்பீட்டை மட்டும் இந்த மன்றம் விசாரிக்காது. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும்.

பாரம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் ஜார்ஜ்டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. நம் மொழியிலேயே பேசி வழி கேட்கலாம்.

இவ்வளவும் நிற்பது ஒரு ரசீதின் மேல். பட்டறையில் வேலை தொடங்குமுன் எழுத்தில் விலை மதிப்பீடு கேளுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை. ரசீதில் பிராண்ட், மாடல் எண், புதுசா பழசா, பாகத்தின் விலை, கூலி, காடி எண், கிலோமீட்டர் அளவு, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று எழுதச் சொல்லுங்கள். ஃபோர்மன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ரொக்கமாகக் கொடுப்பதைவிட வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் கோணமும் மாறும் என்பதால் அலைன்மென்ட் கட்டாயம். அந்த அச்சுத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். முன்விளக்கின் உயரத்தையும் அதே நாளில் சரிபார்க்கச் சொல்லுங்கள். காடி இறங்கினால் வெளிச்சமும் இடம் மாறும்.

என் விஷயத்தில் 'ஹைலோ 1 செட்' என்ற அந்த ரசீது போதவில்லை. வங்கிப் பரிமாற்றத்தின் பதிவும், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெட்டியின் படமும்தான் கை கொடுத்தன. பாரம் 1 போட்டு விசாரணை நாளுக்குக் காத்திருந்தேன். அன்று காலை மன்ற வாசலிலேயே அவர் எப்சோபரை மாற்றித் தந்து, அலைன்மென்ட் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அந்த உடன்பாட்டை மன்றம் பதிவு செய்தது. புது ரசீதை இந்த முறை நானே பக்கத்தில் நின்று, மாடல் எண்ணை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தேன். அது இப்போது காடியின் கிராண்ட் (பதிவு ஆவணம்) இருக்கும் பையிலேயே இருக்கிறது.