வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. கட்டாயம்: மாட்டியிருந்தால் போதாது

கிரைண்டரைத் தொட்டால் ஷாக், மழை பெய்தால் சுவரில் ஷாக் என்று முறையிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க." அந்தப் பதிலை நம்பி நாளைக் கடத்தி, வீட்டில் ஓர் ஆளையே பறிகொடுத்தவர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

விதி சின்னது. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை மின் நுகர்வோர் பொருத்த வேண்டும் என்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. வீடுகளில் அது 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிய விடக் கூடாது என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. அரசுத் தாளில் ஆர்.சி.டி. என்று இருக்கும், கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேளுங்கள். செலவு நம்முடையது.

"எங்க வீட்டுல ட்ரிப்பர் இருக்கே" என்பார்கள். அது பெரும்பாலும் எம்.சி.பி., அதாவது லோடு கூடினால் விழும் சுவிட்ச். 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. 30 மில்லி ஆம்பியரைப் போல ஐந்நூறு மடங்குக்கு மேல் ஓடினால்தான் அது அசையும், அதற்குள் ஆள் போய்விடுவார். ஆர்.சி.சி.பி. கேட்டால் கடைக்காரர் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் கருவியை எடுத்து நீட்டி, "30 போட்டா அடிக்கடி விழும் சார்" என்பார். வாங்காதீர்கள். முகப்பில் பெரிதாக 40, 63 என்று போட்டிருப்பதை விடுங்கள், 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டிய பிறகுதான் பெரிய ஏமாற்று. கருவியில் 'டி' என்ற எழுத்தோடு ஒரு பொத்தான் இருக்கும். எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு அதை அழுத்துங்கள். வீடு முழுக்க இருட்டாக வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தாலோ, மாடி விளக்கு எரிந்தாலோ, அந்த லைனை மெயினிலிருந்து நேராக இழுத்திருக்கிறார்கள். ஈரக்கையோடு தொடுகிற மோட்டார் சுவிட்சுதான் பல வீடுகளில் இப்படி வெளியே நிற்கிறது. எதுவுமே அணையவில்லையென்றால், கருவி பழுதாக இருக்கலாம், அல்லது அதைத் தாண்டி ஒயரைக் கோர்த்து வைத்திருக்கலாம். "அடிக்கடி விழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்பார் வயர்மேன். விழுந்தால் எங்கோ கசிகிறது, அல்லது எங்கோ நியூட்ரலும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் தேடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்துவதைப் பழக்கமாக்குங்கள்.

பொத்தான் கருவியைத்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த் பைப் இல்லாத வீட்டில் சிலர் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை பிளக்கின் எர்த் துளைக்குக் கோர்த்துவிடுவார்கள். நியூட்ரல் அறுந்த அன்று பிரிட்ஜின் உடம்பு முழுக்க மின்சாரம். அப்படிச் செய்யும் ஆளை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு: "வயரிங் வேலையெல்லாம் உங்க பொறுப்பு" என்று வீட்டு உரிமையாளர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி வீட்டின் உள், வெளி மின் வயரிங் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுதுதான் குடியிருப்பவருடையது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதுதான் நிற்கும். கையெழுத்துப் போடும் முன்பே அந்த வரியைப் படியுங்கள். கோரிக்கையை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள்.

இனி ஈ.பி. ஆபீஸ். "மீட்டருக்கு அப்புறம் எங்க வேலை இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். அது சரிதான், ஆனால் மீட்டருக்கு முன்னால் நடப்பதற்கும் அதையே சொல்கிறார்கள். கம்பத்தில் ஷாக், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் ஷாக், தெருவில் நியூட்ரல் கோளாறு, மீட்டர் வரை வரும் ஒயரின் கசிவு எல்லாம் அவர்கள் வேலை. உங்கள் ஆர்.சி.சி.பி.யால் இவற்றைத் தடுக்க முடியாது. லைன்மேனிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழைத்துப் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிவு அலுவலகத்தில் கடிதம் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "ஐயா லீவு, நாளைக்கு வாங்க" என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர். இரண்டுமே 2003 மின்சாரச் சட்டத்தில் உள்ளவை.

விபத்தே நடந்துவிட்டால், அந்தத் துக்கத்திலும் யாராவது ஒருவர் நிதானமாக இருந்தாக வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அறுந்த கம்பியையும் இடத்தையும் படம் எடுத்துவிடுங்கள். "சீக்கிரம் எடுத்துடலாம், போஸ்ட்மார்ட்டம் எதுக்கு" என்று ஊர்ப் பெரியவர் சொல்வதைக் கேட்டு அடக்கம் செய்துவிட்டால், இறப்புக்கு மின்சாரம்தான் காரணம் என்று காட்ட ஒரு தாளும் மிஞ்சாது. எப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, மின் ஆய்வாளர் விசாரணை மூன்றும் வேண்டும். "நீங்கதான் கவனக்குறைவா இருந்தீங்க" என்று வாரியம் கையை விரித்தாலும் பின்வாங்காதீர்கள். அறுந்து விழுந்த கம்பிக்கு, தவறு யாருடையது என்று நிரூபிக்காவிட்டாலும் மின்வாரியமே பொறுப்பு என்று 2002-ல் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.