குழலுக்குள் ஒரு பம்பரம்

மேலூரைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கையால் எறியும் வளைந்த ஆயுதமான வளரி சுழன்றுகொண்டே பறக்கிறது. துப்பாக்கிக் குண்டு நேராகத்தானே போகிறது? பிறகு எதற்காக ரைஃபிள் குழலின் உட்புறத்தில் மரை போலப் பள்ளம் வெட்டுகிறார்கள்?"

1763-64இல் யூசுப்கானிடமிருந்து மதுரைக் கோட்டையைப் பறிக்கக் கும்பினிப் படை முற்றுகையிட்ட காலத்தில், காலாட்படையின் முதன்மை ஆயுதம் மஸ்கெட் என்ற, குழலின் உட்புறம் வழவழப்பான நீளத் துப்பாக்கி. ஆங்கிலேயரின் மஸ்கெட்டில் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். ஈயக்குண்டின் விட்டமோ 17.5 மில்லிமீட்டர்தான். கரிமருந்தின் கசடு படிந்த குழலிலும் குண்டு தடையின்றி இறங்க வேண்டும் என்பதற்காகவே இந்த இடைவெளி. ஆனால் சுடும்போது குண்டு குழலின் சுவர்களில் மாறி மாறி முட்டி, கடைசி முட்டலுக்கேற்ற ஏதோ ஒரு சுழற்சியோடு வெளியேறும். அந்தத் தாறுமாறான சுழற்சியே காற்றில் அதைப் பக்கவாட்டில் வளைத்துவிடும் என்பதை ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இலேயே விளக்கிவிட்டார். நூறு மீட்டருக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்து வீழ்த்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வீரர்கள் தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் சுட்டதை மடமை என்று சிரிக்கிறோம். அது வெறும் கணக்கு.

நோயும் சுழற்சி, மருந்தும் சுழற்சி என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம். நீண்ட கூர்முனைக் குண்டுக்குக் காற்றின் எதிர்ப்புக் குறைவு. ஆனால் காற்றின் விசை அதன் நிறைமையத்துக்கு முன்னால் தாக்குவதால், சுழலாத குண்டு குப்புறக் கவிழும். சுற்றாத பம்பரத்தை ஆணிமேல் நிறுத்திப் பாருங்கள், விழுந்துவிடும். அதையே சாட்டையால் சுழற்றிவிட்டால், சாய்க்க வரும் விசை அதை விழச் செய்யாமல் மெல்லத் தலையாட்ட வைக்கும். குழலில் வெட்டிய பள்ளங்கள்தாம் குண்டுக்குச் சாட்டை. ஆங்கிலேயப் படையின் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளில் பள்ளம் 78 அங்குலத்துக்கு ஒரு முறை சுற்றும்; அதன்படி குண்டு நொடிக்கு ஏறத்தாழ 130 சுற்றுகள் சுழன்றது.

வளரியையும் சுழற்சிதான் நிலைநிறுத்துகிறது. ஆனால் அது எதிரியை வீழ்த்திவிட்டுக் கைக்கே திரும்பும் என்று மேடைகளில் முழங்குவதை நம்ப வேண்டாம். மோதிய பொருள் தன் வேகத்தையும் சுழற்சியையும் பெருமளவு இழந்துவிடும். மேடைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை, வளரியைக் காற்றுச்சுரங்கத்தில் வைத்து அளக்கும் ஓர் ஆய்வு மாணவருக்குக் கொடுக்கலாம்.

பள்ளம் வெட்டிய குழல்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தும் போர்க்களத்தில் பரவவில்லை. பள்ளத்தைக் கவ்வும் அளவுக்கு இறுக்கமான குண்டைக் குழல்வாய் வழியே இடித்து இறக்கவே நேரம் போய்விடும். 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே கொண்டுவந்த குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது, அடிப்பகுதி குடைவானது. தளர்வாக உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் வாயு அழுத்தத்தால் அடிவிளிம்பு விரிந்து பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். இதே வகைக் குண்டைக் கொண்ட என்ஃபீல்டு தோட்டாவின் உறையில், அது குழலுக்குள் வழுக்கி இறங்கவே கொழுப்புத் தடவினார்கள்; 1857இல் சிப்பாய்களைக் கொதிக்கவைத்தது அந்தக் கொழுப்புதான்.

குறி எட்டும் தூரம் சில மடங்கு கூடியதால், காலாட்படைக்கு அருகே பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்துவது ஆபத்தானது. அடுத்த மாற்றம் குழலின் பின்பக்கத்தில் வந்தது. 1866இல் கோனிக்கிரேட்ஸ் போரில் ஆஸ்திரிய வீரர்கள் குழல்வாய் வழியே மருந்திட்டு இடிக்க நிமிர்ந்து நின்றபோது, பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கி வைத்திருந்த பிரஷ்யர்களால் தரையில் படுத்தபடியே அடுத்த குண்டைப் போட முடிந்தது.