மின்னணு நோயாளர் பதிவேடு: சொல் விளக்கம்

நோயாளர் சொன்ன தொல்லைகள், மருத்துவர் சோதித்துக் கண்டவை, ஆய்வக முடிவுகள், கொடுத்த மருந்துகள், செய்த அறுவை ஆகிய அனைத்தையும் காலவரிசைப்படி கணினியில் பதிந்துவைக்கும் தொகுப்பே 'எலெக்ட்ரானிக் பேஷன்ட் ரெக்கார்ட்'. மருத்துவமனைப் பேச்சில் 'கேஸ் ஷீட்' எனப்படுவதன் கணினி வடிவம் இது எனலாம். ஆனால் தாளைப் படம்பிடித்துச் சேமித்தால் மட்டும் அது இப்பெயருக்கு உரியதாகிவிடாது.

'ரெக்கார்ட்' என்பது 'மீண்டும் நினைவுக்குக் கொண்டுவருதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. இதயத்தைக் குறிக்கும் சொல் அதன் வேரில் இருக்கிறது. 'பேஷன்ட்' என்பதும் லத்தீன் வழியே வந்ததுதான், துன்பத்தைத் தாங்குபவர் என்பது அதன் முதற்பொருள். பதிவை நோய்ச்சிக்கல் வாரியாகப் பிரித்து எழுத வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968இல் எழுதிய கட்டுரை, பிற்காலக் கணினிப் பதிவேடுகளின் அமைப்பில் ஆழமாகத் தாக்கம் செலுத்தியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் உருவான 'ரீகன்ஸ்ட்ரீஃப்' என்னும் கணினிப் பதிவு முறைமை ஒரு நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவில்தான் தொடங்கியது என்பது இங்கே கருதத்தக்கது.

ஏனெனில் சிறப்பு மருத்துவத்தில்தான் பொதுப் படிவம் போதாமல் போகிறது. கண் மருத்துவர் 'வலக்கண் அழுத்தம் 24, இடக்கண் 18' என்று குறிப்புப் பெட்டியில் வாக்கியமாக எழுதினால் மனிதர் படித்துக்கொள்வார். கணினிக்கோ, அடுத்த ஐந்தாண்டு அளவுகளை அதனோடு சேர்த்து வரைபடமாகக் காட்ட வேண்டுமானால், ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் புலமும் (ஒரு தகவலை மட்டும் இடும் கட்டமும்), அளவிட்ட நேரமும், பயன்படுத்திய கருவியும் வேண்டும். புற்றுநோய்ப் பிரிவில், கட்டியின் அளவு, நிணநீர்க்கணு, பிற உறுப்புகளுக்குப் பரவல் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிக்கும் டி.என்.எம். நிலையும், உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடும் மருந்தளவும் தேவை. எடை குறைந்தால் அடுத்த சுற்று மருந்தைத் திரும்பக் கணக்கிட நேரலாம். ஆகவே மென்பொருள் எழுதுமுன் எந்தப் புலம் வேண்டும், எது கட்டாயம் என்பதை அத்துறை மருத்துவரும் செவிலியரும் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எல்லாம் மறுபடி அந்தக் குறிப்புப் பெட்டிக்குள்ளேயே போய்ச் சேரும்.

'ரெக்கார்ட்' என்பதைத் தமிழில் 'ஆவணம்' என்று எழுதுவோர் உண்டு. ஆவணம் எழுதி முடிக்கப்பட்டது. இதுவோ ஒவ்வொரு வருகையிலும் வளர்வது. சுவடு படும்படி அழுத்துவதைக் குறிக்கும் 'பதி' என்னும் வினையடியில் பிறந்த 'பதிவேடு' அதனாலேயே பொருந்துகிறது. 'நோயாளி'யினும் 'நோயாளர்' மதிப்பான வடிவம். 'எலெக்ட்ரானிக்' தமிழ்நாட்டில் மின்னணு, இலங்கையில் இலத்திரனியல். இரண்டும் வழக்கில் நிலைத்தவை. பதிவேட்டை இயக்கும் மென்பொருளை 'பதிவு முறைமை' என்று பிரித்துச் சொல்வது நல்லது. மேலே சொன்னதுபோல் ஒரு சிறப்பு மருத்துவத் துறைக்கென அமைந்ததைச் 'சிறப்பு மின்னணுப் பதிவேடு' என்றால் சிறப்பு பதிவேட்டுக்கா மருத்துவத்துக்கா என்ற ஐயம் எழும். 'துறைசார் மின்னணு நோயாளர் பதிவேடு' என்பதே பொதுப்பெயராக நிற்கும், துறை தெரிந்த இடத்தில் 'கண் மருத்துவ மின்னணு நோயாளர் பதிவேடு' என்று அதன் பெயரையே முன்னால் சேர்க்கலாம்.