நட்டை எப்போது இறுக்குகிறீர்கள்? ஸ்பிட்ஃபயர் சஸ்பென்ஷன் புஷ் மாற்றுபவர்களுக்கு

"புது ரப்பர் புஷ் போட்டு ஆறு மாசம்கூட ஆகலை, மறுபடி டொக்கு டொக்குனு சத்தம். டூப்ளிகேட் மால் போல." பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. மால் மட்டமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் தவறு வேறு இடத்தில் இருக்கும். வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் அந்தரத்தில் தொங்க, அந்த நிலையிலேயே யாரோ நட்டை முழுக்க இறுக்கியிருப்பார்கள்.

இது ஏன் தவறு என்று புரிய, புஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். நடுவில் ஒரு இரும்புக் குழல், அதைச் சுற்றி ஒட்டிப் பிடித்த ரப்பர். ரப்பரின் வெளிப்பக்கம், சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் விஷ்போன் ஆர்மின் கண்ணுக்குள், அதாவது முனைத் துளைக்குள், இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். குழலுக்குள் போல்ட் போய், இருபக்க பிராக்கெட்டையும் நெருக்கிப் பிடிக்கிறது. நட்டை இறுக்கியதும் குழல் அசையாது. அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் போவது ரப்பர் முறுக்கிக்கொள்வதால் மட்டும்தான். இங்கே எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை. இதை பேரிங் என்று நினைத்து கிரீஸ் தடவுவதிலிருந்தே பாதித் தொல்லை ஆரம்பிக்கிறது.

ஆக, நட்டை இறுக்கும் நேரத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. தொங்கும் நிலைக்கும் வண்டி தரையில் நிற்கும் நிலைக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். தொங்கும்போது இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் 15 டிகிரி முறுக்கியிருக்கும். பள்ளத்தில் இறங்கி ஆர்ம் இன்னும் 10 டிகிரி ஏறினால் மொத்தம் 25. நிற்கும் உயரத்தில் இறுக்கியிருந்தால் அதே பள்ளத்தில் ரப்பருக்கு வெறும் 10 டிகிரிதான். இரவும் பகலும் ஒரே பக்கம் முறுக்கி வைத்த ரப்பர் குழலை விட்டுப் பிய்ந்து வருவதில் ஆச்சரியமில்லை. கழற்றிய புஷ்ஷைக் கையில் வைத்துப் பாருங்கள். குழலை ஒட்டிச் சுற்றிலும் நூல் நூலாகக் கிழிந்த ரப்பர் தெரியும், வெளி விளிம்பு புதிது போலவே இருக்கும். முதுமையில் செத்த புஷ் அப்படி இருக்காது. வெளியே பொடிப்பொடியாக வெடித்து, அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். எண்ணெய் பட்டுச் செத்ததோ ஊதி, கொழகொழவென்று விரல் நகத்தில் ஒட்டும். இயற்கை ரப்பருக்கு இன்ஜின் ஆயில் ஆகவே ஆகாது. ஆயில் கசியாத ஸ்பிட்ஃபயர் அபூர்வம் என்பதால் இந்த மூன்றாவது வகைக்கும் பஞ்சமில்லை.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில், கான்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான வண்டி ஸ்பிட்ஃபயர். உருவம் இத்தாலியர் ஜியோவானி மிக்கலொட்டியின் கைவண்ணம். அடியில் இருப்பது ட்ரையம்ஃப் ஹெரால்டின் சரக்கு. அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-இல் தயாரிக்க ஆரம்பித்தது. அதனால் இன்றும் ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஓட்டுபவர்களுக்கு முன்பக்கம் பற்றி இங்கே சொல்வது பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

புஷ் போய்விட்டதா என்று பார்க்க முதலில் கழற்ற வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்தால் ஃபெண்டரோடு சேர்ந்து மூக்கே முன்னால் கவிழ்ந்துவிடும், சஸ்பென்ஷன் முழுக்கக் கண்முன் இருக்கும். ஒருவர் வண்டியை மெல்ல உருட்டி பிரேக்கைத் தட்டட்டும். இன்னொருவர் விஷ்போனின் உள்முனையைப் பார்க்கட்டும். ஆர்ம் முன்பின்னாக நகர்ந்தால் புஷ் போய்விட்டது. பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாவிட்டால் மேலே பால் ஜாயின்ட், கீழே ட்ரன்னியன் (இதைப் பற்றிப் பின்னால்), உள்ளே புஷ் என்று கடப்பாரை வைத்து ஒவ்வொன்றாக நெம்பிப் பாருங்கள். ஸ்டியரிங் ரேக்கைத் தாங்கும் ரப்பரையும் விட்டுவிடாதீர்கள். அது நைந்தால் ஸ்டியரிங் கொழகொழக்கும், பழி விஷ்போன் புஷ் மேல் விழும்.

முன்பக்கம் ஒரு சைடுக்கு நான்கு: மேல் விஷ்போனுக்கு இரண்டு, கீழ் விஷ்போனுக்கு இரண்டு. இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) அத்தனையும் புதிதாக வாங்குங்கள், ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் போட வேண்டாம். ஸ்பேனர் இன்ச் கணக்கில்தான் வேண்டும். 1/2 இன்ச் என்பது 12.7 மி.மீ. 13 நம்பர் ஸ்பேனர் மாட்டும்தான், ஆனால் ஐம்பது வருடத் துருவோடு மல்லுக்கட்டும்போது மூலையை மழுக்கிவிடும். வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் ஆயிலை அடித்து வையுங்கள்.

இன்னொரு முன்வேலை உண்டு. பானெட்டைத் திறப்பதற்கு முன், சமதளத்தில் நிற்கும் வண்டியில் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வளைவு வரை அளந்து நான்கு பக்கமும் எழுதி வையுங்கள். முன் ஃபெண்டர் பானெட்டோடு போய்விடும் என்பதால் திறந்தபின் அளக்க எதுவும் இருக்காது.

பின்சக்கரத்துக்கு அடை கொடுத்து, முன்பக்கத்தை சேசிஸில் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் அப்படியே இருக்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கூட்டை முதலில் எடுக்க வேண்டும். மேலே சுற்றிலும் மூன்று நட், கீழே ஒரு போல்ட். நடுவில் ஷாக் ராடின் தலையில் இருக்கும் நட்டை மட்டும் தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கை உள்ளே பிடித்து வைத்திருப்பதே அதுதான், கழன்றால் ஆளை அடிக்கும். மற்றபடி இந்த அமைப்பில் ஸ்பிரிங் தன் கூட்டுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அதே காலத்து வேறு பல வண்டிகளைவிட இது பயமில்லாத வேலை.

மேல் ஆர்மைக் கழற்ற பால் ஜாயின்டை அடித்துப் பிரிக்க வேண்டியதில்லை. அதை ஆர்மோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் போதும், ரப்பர் மூடி கிழியாமல் தப்பிக்கும். ஹப்பைக் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. கீழ் விஷ்போனின் பிராக்கெட்டைச் சேசிஸிலிருந்து எடுக்க நேர்ந்தால் இடையில் தகட்டு ஷிம் இருக்கும். எந்த பிராக்கெட்டில் எத்தனை என்று எழுதி, தனித்தனியாகக் கட்டி வையுங்கள். சக்கரத்தின் கேம்பரை, அதாவது உள்ளே வெளியே சாயும் கோணத்தை, நிர்ணயிப்பது அந்தத் தகடுகள்தான்.

உயிரை வாங்குவது, குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிப்போன போல்ட். தலையைத் திருகினால் போல்ட் சுற்றுவது போலத் தெரியும். உண்மையில் குழலும் சேர்ந்து ரப்பருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். சுத்தியல் எடுத்தால் பிராக்கெட் வளையும். பிராக்கெட்டுக்கும் குழலுக்கும் நடுவே ஆக்ஸா பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுவதுதான் சுருக்க வழி. எப்படியும் புஷ் குப்பைக்குப் போகிறது, போல்ட்டும் போகட்டும்.

கண்ணுக்குள் இருக்கும் பழைய ரப்பரைப் பலர் கேஸ் டார்ச்சால் கொளுத்துவார்கள். அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு, ஆர்மின் பெயின்ட்டும் கருகும். ரப்பரில் சுற்றிலும் ஏழெட்டு ஓட்டை டிரில் பண்ணி, குழலை வைஸில் நெருக்கித் தள்ளினால் வந்துவிடும். மிச்சத்தைச் சுரண்டி, எமரி தாளால் கண்ணை வழவழப்பாக்குங்கள். துருப்பொடி மிஞ்சியிருந்தால் புது ரப்பரை அறுக்கும்.

புதியதை ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும். கெட்டியாகக் கரைத்து ரப்பரிலும் கண்ணிலும் தடவி, வைஸின் ஒரு தாடையில் புஷ்ஷையும் மறு தாடையில் கண்ணைவிடச் சற்று அகலமான குழாய்த் துண்டையும் வைத்து நேராக நெருக்குங்கள். பாதியில் கோணினால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள், அடித்து நேராக்க வேண்டாம். ரப்பரின் உதடு இரண்டு பக்கமும் சமமாக வெளியே தெரிந்தால் சரியாக உட்கார்ந்தது. சோப்பு காய்ந்ததும் ரப்பர் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் காயாது, அதனால்தான் அது கூடாது. போல்ட்டின் தண்டில் துருப்பிடிக்காமல் தடுக்கும் பேஸ்ட் லேசாகத் தடவலாம், ரப்பரில் படாமல்.

பாலியூரிதேன் புஷ் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். அது வேறு ஜாதி. அதில் குழல் புஷ்ஷுக்குள் சுற்றும், முறுக்கு என்பதே கிடையாது. அதனால் எந்த உயரத்தில் இறுக்கினாலும் பரவாயில்லை, ஆனால் கூட வரும் சிலிகான் கிரீஸ் கட்டாயம். கிரீஸ் வற்றினால் பழைய கதவு மாதிரி கிறீச்சிடும். ஆயிலுக்கு அசையாது, ஸ்டியரிங் கூர்மையாகும், ரோட்டின் ஒவ்வொரு கல்லும் சீட்டில் தெரியும். வார இறுதியில் ஊர் சுற்றும் வண்டிக்கு நல்ல ரப்பரே சுகம் என்பது எங்கள் கட்சி.

இவ்வளவு கழற்றியபின் ட்ரன்னியனைப் பார்க்காமல் மூடுவது பாவம். ஹப்பின் கீழே மரையில் திரும்பும் பித்தளை நிறத் துண்டு அது. அதன் புஷ் ரப்பர் இல்லை, நைலான். இதற்கு வேண்டியது கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை இறங்காது, தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும், ஒருநாள் திருப்பத்தில் அந்த மரை உள்ள தண்டு (வெர்ட்டிகல் லிங்க்) ஒடிந்து சக்கரம் மடங்கும். இடது வலது ட்ரன்னியன்களின் மரை எதிரெதிர் திசை, மாற்றிப் போட முயலாதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் விஷ்போன் நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்குங்கள். இறக்கியதும் இறுக்கிவிடாதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை உயரத்திலேயே நிறுத்தி வைக்கும். சக்கரத்தோடு சேர்ந்து ஆக்சிலும் மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்சில் உள்ள பின்பக்கம் இன்னும் மோசம், சக்கரம் இரண்டும் உள்ளே மடிந்த கால் மாதிரி நிற்கும். இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, மூலைக்கு மூலை அமுக்கிவிட்டால் சரியான உயரத்துக்கு வரும். முன்பு எழுதி வைத்த அளவோடு ஒப்பிடுங்கள். ட்ரையம்ஃப் சொல்லும் நிலை, இரண்டு சீட்டிலும் தலா 150 பவுண்டு, அதாவது சுமார் 68 கிலோ. அரிசி மூட்டையோ நண்பரோ, எது கிடைக்கிறதோ. சக்கரங்களுக்கு அடியில் கனமான பலகை கொடுத்து நிறுத்தினால் கீழே கை நுழைய இடம் கிடைக்கும். மேல் விஷ்போனுக்குப் பானெட்டைத் திறந்தாலே போதும். உங்கள் வண்டியின் மார்க்குக்கான (மாடல் பதிப்புக்கான) மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இப்போது இறுக்குங்கள். பின்சக்கரம் முன்பின்னாக நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் ரப்பர் புஷ்ஷுக்கும் இதே விதி.

100, 150 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, அதற்குப் பிறகு வீல் அலைன்மென்டுக்கு விடுங்கள். அங்கே தூக்கி வைத்துச் சோதிக்கும் பையன் "லூசா இருக்குண்ணே" என்று சக்கரம் தொங்கும்போதே எந்த விஷ்போன் நட்டையும் தளர்த்தி இறுக்கிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.