அண்ணன் சொன்னார், கையெழுத்துப் போட்டேன்

திருப்பூரில் ஆடிட்டராக இருக்கிறேன். பனியன் கம்பெனி கணக்கு, ஜாப் ஒர்க் கணக்கு, டையிங் கணக்கு என்று ஓடுகிற ஆபீஸ். அங்கே ஒரு நாள் காலையில் மஞ்சப்பையோடு ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். ஆளையும் ஊரையும் மாற்றித்தான் சொல்கிறேன். விவகாரம் அப்படியே நடந்தது.

பையில் இருந்தது வருமான வரி நோட்டீஸ். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. காங்கேயம் பக்கம் ஏழு ஏக்கரா பூமி அவர் பெயரில் கிரயம் ஆகியிருக்கிறது, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள். பெரிய தொகைக்குப் போகிற கிரயம் என்றால் பத்திர ஆபீஸிலிருந்து வருமான வரித் துறைக்குத் தானாகத் தகவல் போய்விடும். அவருடைய சம்பளம் மாதம் பதினெட்டாயிரம். டிரைவர் வேலை.

"தம்பி, இந்தப் பூமி உங்களுதா?"

"இல்லீங்க சார். எங்க அண்ணனுதுங்க."

"கூடப் பொறந்தவரா?"

"இல்லீங்க. நான் வண்டி ஓட்டறனே, அவருங்க. பத்திர ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனேனுங்க. உள்ள வாடான்னாரு. போட்டோ எடுத்தாங்க, கைரேகை வெச்சாங்க. கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேனுங்க."

அந்த "அண்ணன்" யார் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எல்லா ஊரிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். பைனான்ஸ், ரியல் எஸ்டேட், ரெண்டு தரப்புக்கும் நடுவில் "பேசி முடிக்கிற" வேலை. கும்பாபிஷேக நோட்டீஸில் பெயர் இருக்கும். கல்யாணத்துக்குப் போனால் முன்வரிசை காலியாகும். அவர் மேல் கேஸ் இருக்கும், சாட்சி இருக்காது. சொத்து இருக்கும், அவர் பெயரில் இருக்காது.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த மாதிரிப் பெரிய புள்ளிகளைச் சட்டம் பிடிக்கிற வழி பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் முதலில் அகப்படுவது பெரிய புள்ளியின் பெயர் இல்லை. டிரைவர், தோட்டத்து ஆள், கணக்கெழுதுகிற பையன், மில்லுக்கு வேலைக்குப் போகிற பெண் என்று நம்ம ஆட்களின் பெயர்கள்.

எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் மறக்கக் கூடாத ஒரு வழக்கு சிகாகோவில் நடந்தது. அல் கபோன். கள்ளச்சாராயம், சூதாட்டம், கொலைகள் என்று ஊரே அறிந்த ஆள். ஆனால் வங்கிக் கணக்கு கிடையாது, மியாமி வீடுகூட மனைவி பெயரில். கொலைக் கேஸில் அவரைச் சிக்கவைக்க யாராலும் முடியவில்லை. சட்ட விரோதமாகச் சம்பாதித்த பணத்துக்கும் வரி உண்டு என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வரித் துறை அதைப் பிடித்துக்கொண்டது.

ஃபிராங்க் வில்சன் என்ற வரித் துறை அதிகாரி மாதக்கணக்கில் காகிதத்தைப் புரட்டினார். ஒரு நாள் ராத்திரி பழைய அலமாரி ஒன்றில் சில பேரேடுகள் கிடைத்தன. 1926இல் அரசு வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட்டதையொட்டி ஒரு சூதாட்ட விடுதியில் ரெய்டு நடந்தது. அப்போது அள்ளிக்கொண்டு வந்தவை அவை. நாலு வருடம் யாரும் சீந்தாமல் கிடந்திருக்கின்றன. வரவு, செலவு, லாபம், பங்கு எல்லாம் அதில் இருந்தது. ஆனால் எழுதியது யார்? வில்சன் கையெழுத்தை வைத்துத் தேடினார். லெஸ்லி ஷம்வே என்ற கணக்குப்பிள்ளை என்று தெரிந்தது. அவரை ஃப்ளோரிடாவில் கண்டுபிடித்து, பாதுகாப்பாக வைத்து, கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கபோனின் வரி விவகாரத்தைச் சமரசமாக முடிக்க அவருடைய வக்கீலே வருமானத்தை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதுவும் சாட்சியமானது. 1931 அக்டோபர் 17 அன்று 23 குற்றச்சாட்டுகளில் 5இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 11 வருடம் சிறை, 50,000 டாலர் அபராதம்.

துப்பாக்கி வைத்திருந்த எத்தனையோ பேர் கபோனைச் சுற்றி இருந்தார்கள். அவரை உள்ளே தள்ளியவர்களில் முக்கியமானவர் சம்பளத்துக்குப் பேரேடு எழுதிய ஒரு குமாஸ்தா. என் டிரைவர் தம்பியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். "உங்களாட்ட ஒருத்தருதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, பயந்துதான் போனார்.

பயப்பட வேண்டிய விஷயம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 111ஆம் பிரிவு அமைப்பு ரீதியான குற்றத்துக்கு என்றே வந்திருக்கிறது. ஆள் கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், நில அபகரிப்பு, கூலிக்குக் கொலை, பொருளாதாரக் குற்றம், சைபர் குற்றம் எல்லாம் அதில் அடக்கம். கும்பலாகத் தொடர்ந்து செய்திருக்க வேண்டும், கடந்த 10 வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகையைக் கோர்ட் ஏற்றிருக்க வேண்டும் என்பது கணக்கு. குறைந்தது 5 வருடம், அதிகபட்சம் ஆயுள். உயிர் போயிருந்தால் தூக்குவரைக்கும் போகலாம்.

இதெல்லாம் அண்ணனுக்கு. அதே பிரிவின் கடைசியில் தம்பிக்கும் ஒரு உட்பிரிவு இருக்கிறது. கும்பலைச் சேர்ந்த ஒருவருக்காகச் சொத்தைத் தன்னிடம் வைத்திருந்து, அது எப்படி வந்தது என்று சரியாகக் கணக்குச் சொல்ல முடியாதவருக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 10 வருடம். சொத்தும் பறிபோகும். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்பது கணக்குச் சொல்வதாகாது. அது போக பினாமிச் சட்டம் தனியாக இருக்கிறது. 1988இல் வந்தது, 2016இல் திருத்தி இறுக்கினார்கள். அதில் 1 முதல் 7 வருடம் சிறை, சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம்வரை அபராதம். ஏழு ஏக்கராவுக்கு 25 சதவீதம் என்றால் எவ்வளவு என்று அந்தத் தம்பியே மனசுக்குள் போட்டுப் பார்த்தார். முகத்தில் தெரிந்தது.

சரி, பூமி வாங்குகிற அளவுக்கெல்லாம் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைக்கலாம். பெயரை வாங்குவதற்கு இப்போது பத்திர ஆபீஸ் வரை போக வேண்டியதில்லை. "பான், ஆதார், ஒரு போட்டோ குடு, லோன் வாங்கித் தர்றேன்" என்றால் போதும். செக்கிங் வேலைக்குப் போகிற ஒரு அம்மா என்னிடம் வந்தார். சேலையில் நூல் பிசிறு ஒட்டியபடி, ஷிஃப்டுக்கு நடுவில் ஓடி வந்திருந்தார். அவர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு எடுத்து, கோடிக்கணக்கில் பில் போட்டிருந்தார்கள். சரக்கே நகராத பில். அவருக்குக் கிடைத்தது ஐயாயிரம் ரூபாய், அதுவும் ரெண்டு தவணையில். இப்படிப் போலிப் பதிவுகளைத் தேடிப் பிடிக்கவே 2023 மே 16இல் நாடு முழுக்க ஒரு சிறப்பு நடவடிக்கையைத் தொடங்கினார்கள், 2024இல் மறுபடியும் செய்தார்கள். அதே மாதிரிதான் வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவதும். காலேஜ் பையன்கள் ஏடிஎம் கார்டு, பாஸ்புக், சிம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மாதம் ஏதோ வாங்கிக்கொள்கிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்த பிறகு முதலில் முடங்குவது அந்தப் பையனுடைய கணக்குதான். போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவதும் அவன் வீட்டில்தான்.

ரொக்கமாகப் போட்டால் தெரியாது என்பதும் தப்பு. ஒரு மாதத்தில் 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் புழங்கினால் வங்கி அதை மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குச் சொல்லியாக வேண்டும். ஒன்பதரை ஒன்பதரையாகப் பிரித்துப் போட்டாலும் ஒன்றுக்கொன்று தொடர்பு இருந்தால் கூட்டித்தான் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் அதற்குத் தனி அறிக்கை.

விசாரணை கீழே இருந்து மேலே போகிறது. கணக்கு யார் பெயரில், படிவத்தில் எந்த மொபைல் நம்பர், அந்த சிம் எந்த போனில் போட்டிருந்தது, பணம் அடுத்து யாருக்குப் போனது என்று ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். ஏறுகிறவர்கள் கால் வைக்கிற முதல் படி நாம். அந்தப் படியிலேயே நின்று போன விசாரணைகளை நான் பார்த்திருக்கிறேன். பெயர் கொடுத்தவர் வாயைத் திறக்கவில்லை, அவரே குற்றவாளி ஆனார், மேலே இருந்தவர் வெள்ளை வேட்டியோடு அடுத்த கல்யாணத்துக்குப் போனார். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்ம பக்கத்தில் தாதா விசாரணை என்றாலே சத்தியமங்கலம் காடும் வீரப்பனும்தான் ஞாபகத்துக்கு வரும். 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அந்தக் கதை முடிந்தது. அதற்கு முன்னால் அந்தக் காட்டோரத்து ஜனங்கள் பட்டது கொஞ்சமா? சந்தனக் கட்டையைத் தேடி 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்துக்குள் புகுந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களுக்குச் செய்த கொடுமைக்கு 2011இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. சாட்சியத்தைத் தேடாமல் ஆளை அடித்துத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊர் போதும். அதனால்தான் காகிதத்தைப் பின்தொடர்கிற விசாரணை மெதுவாகப் போனாலும் நான் அதன் பக்கம் நிற்கிறேன்.

உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் மேலே என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். போலீஸ் நோட்டீஸில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179 என்றிருந்தால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்றிருந்தால் உங்கள் மேல் குற்றச்சாட்டோ சந்தேகமோ இருக்கிறது, வக்கீல் இல்லாமல் கிளம்பாதீர்கள். சாட்சியாகக் கூப்பிடும்போது பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். போலீஸ் எழுதிக்கொள்கிற சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. ஆனால் அமலாக்கத் துறை சம்மன் வேறு மாதிரி. அங்கே சொல்வதற்குக் கையெழுத்துப் போட வேண்டும், அது கோர்ட்டில் நிற்கும். வீடியோ காலில் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிறவன் திருடன். நம் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது.

வாயைத் திறந்தால் உயிருக்கு ஆபத்து என்கிற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடு முழுக்க அது செல்லும் என்றது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், கேட்கலாம் என்பதே பல பேருக்குத் தெரியாது.

நம்ம டிரைவர் தம்பிக்கும் ஒரு வழி இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் பினாமிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. பெயர் கொடுத்தவர் உள்ளதை உள்ளபடி முழுக்கச் சொன்னால், மேலிடத்து அனுமதியோடு அதிகாரி அவருக்கு அந்தச் சட்டத்தின் தண்டனையிலிருந்து விலக்குத் தரலாம். உண்மையான சொந்தக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. தரலாம் என்றுதான் இருக்கிறது, தந்தே ஆக வேண்டும் என்றில்லை. இதையும் மறைக்காமல் சொன்னேன். கிரிமினல் பக்கம் பார்க்கிற ஒரு வக்கீலிடம் அனுப்பிவைத்தேன்.

ரெண்டு நாள் யோசித்தார். மூன்றாவது நாள் சாயங்காலம் வந்தார், கூடவே மனைவியும் பிளஸ் டூ முடித்த மகனும். மனைவி வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, உள்ள வாங்க" என்றேன்.

"சார், வக்கீல் ஐயாகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்புட்டேனுங்க" என்றார் டிரைவர் தம்பி. "அப்புறம் இன்னொண்ணுங்க. போன ஆவணியில அண்ணன் என் சம்சாரம் ஆதாரும் பையன் ஆதாரும் வாங்கிட்டுப் போனாருங்க. எதுக்குன்னு கேக்கலீங்க."

கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தேன். ஜிஎஸ்டி தளத்தில் பான் நம்பரைப் போட்டால் அதில் பதிவு ஏதும் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம் என்று தெரியும். வருமான வரி தளத்தில், நம் பான் நம்பரில் பதிவான பணப் பரிமாற்றங்களைக் காட்டுகிற வருடாந்திரத் தகவல் அறிக்கை இருக்கிறது. கடன் விவர அறிக்கை வருடத்துக்கு ஒரு தடவை இலவசம். நாலுக்கும் பைசா செலவில்லை.

அந்த அம்மா பெயரில் ஒன்றும் இல்லை. பையன் பெயரில் அவனுக்கே தெரியாமல் ரெண்டு சிம் இருந்தது. "இது என்னுதில்ல" என்று காட்டுகிற பட்டனை அவனையே அழுத்தச் சொன்னேன். பிறகு மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து, ஆவணியில் நடந்ததைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதினார்கள். மறுநாள் வக்கீலிடம் கொடுப்பதற்கு.