நொதிக்கும் முன் ஒரு முறை, நொதித்த பின் ஒரு முறை

குச்சிக்கிழங்கு பயிரிடும் சேலம் விவசாயிக்கு ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் கிழங்குக்கு விலை, அதிலுள்ள மாவுச்சத்தைக் காட்டும் பாயிண்ட் கணக்கில்தான். கிழங்கைச் சாதாரணமாக ஒரு தடவை நிறுத்துவிட்டு, தண்ணீரில் முக்கி இன்னொரு தடவை நிறுத்தால் அந்தப் பாயிண்டைக் கண்டுபிடித்துவிடலாம். மாவுச்சத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு. மாவு கூடுதலாக உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பார்ப்பதும் இதே ஒப்படர்த்தியைத்தான். ஆனால் இங்கே ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியதே சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. பிரிட்டனிலோ 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமமே வேண்டாம். அப்படிப்பட்ட நாடுகளுக்குக் குடிபோன நம் ஆட்கள் கேழ்வரகு மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), வெல்லம் என்று சொந்தச் செய்முறையில் இறங்கும்போதுதான் இந்தக் கணக்கு தேவைப்படும். கடையில் வாங்கிய பீர் காய்ச்சும் பெட்டியில் இந்த ஒப்படர்த்தி எண் அச்சடித்திருக்கும். சொந்தச் செய்முறைக்கு எண்ணை நாமே போட்டாக வேண்டும்.

கணக்கு எளிதுதான். தண்ணீர் 1.000. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு 1.050 என்றால் அதை 50 புள்ளி என்பார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 130 கிராம் கரைந்திருக்கிறது என்று பொருள். ஒரு கிலோ பார்லி மால்ட்டிலிருந்து ஒரு லிட்டருக்கு 300 புள்ளி வரை எடுக்கலாம். வீட்டுப் பாத்திரத்தில் முக்கால்வாசி கிடைத்தால் நல்ல வேலை. 4 கிலோ மால்ட்டுக்கு 900 புள்ளி, 20 லிட்டருக்குப் பங்கிட்டால் 45. அரை கிலோ சர்க்கரை சேர்த்தால் இன்னும் 9 அல்லது 10 கூடும். வெல்லம் என்றால் கொஞ்சம் குறையும். ஆக 1.054 பக்கம் வர வேண்டும். கொதிக்கவிட்டுச் சுண்டவைத்தாலும் மொத்தப் புள்ளி மாறாது: 25 லிட்டரில் 40 இருந்தது 20 லிட்டராகச் சுண்டினால் 50 ஆகும்.

அளப்பதற்குத் திரவமானி. அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குமிழ், மேலே ஒல்லியான தண்டு. தன் எடைக்குச் சமமான திரவத்தை ஒதுக்கிவிட்டு மிதக்கும். சாறு அடர்த்தியானால் கொஞ்சம் ஒதுக்கினாலே போதும், அதனால் மேலே எழும்பும். தண்டு ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் உண்டு: கன அளவில் வரும் சின்ன வித்தியாசம்கூட தண்டில் நீளமாகத் தெரியும். திரவம் தண்டையொட்டி ஏறி நிற்கும் விளிம்பைப் பார்க்காமல், தட்டையான மட்டத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். நொதிக்கிற திரவம் என்றால் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கருவியைத் தூக்கிவிடும். தண்டைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் உதிர்ந்துவிடும்.

பெரும்பாலான கருவிகள் 20 டிகிரி செல்சியஸுக்கு அளவு குறித்தவை. ஏற்காட்டுக் காலைநேரத்துக்கு இது பொருத்தம்தான். சேலம் வெயிலில் 35 டிகிரியில் அளந்தால் திரவம் விரிந்து, 1.050 உள்ள சாறு 1.046 என்று காட்டும். இதை அட்டவணை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சரி, 1500 மீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு கொஞ்சம் குறைகிறதே, அளவு மாறாதா? மாறாது. கருவியின் எடையும் மிதப்பு விசையும் ஒரே விகிதத்தில் குறைவதால் இரண்டும் ஈடாகிவிடும். உயரத்தால் மாறுவது கொதிநிலை. மேலே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும்.

இனி ஈஸ்ட். 180 கிராம் குளுக்கோஸை அது தின்றால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வரும். பாதி எடை வாயுவாக வெளியே போய்விடுகிறது. மீதிப் பாதியான ஆல்கஹாலின் அடர்த்தி 0.789, தண்ணீரைவிட லேசு. இந்த இரண்டும் சேர்ந்துதான் 1.050-ஐ 1.010-க்கு இறக்குகின்றன. வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் கன அளவில் 5.2 சதவீத ஆல்கஹால்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1.010 என்றால் கரைந்திருந்த பொருள் எடையில் இரண்டரை சதவீதம்தான் மிச்சம் என்று நினைப்பார்கள். உண்மையில் நாலு சதவீதத்துக்கு மேல் இருக்கும். லேசான ஆல்கஹால் எண்ணைக் கீழே இழுத்து அதை மறைத்துவிடுகிறது. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து உடைந்த துண்டுகள். பீருக்கு வாயில் ஒரு கெட்டித்தன்மை தருவதில் அதற்குப் பங்கு உண்டு.

ஆக முதல் அளவைத் தவறவிட்டால் கதை முடிந்தது. 1.010 மட்டும் கையில் இருந்தால் அது 1.040-லிருந்து இறங்கியதா, 1.070-லிருந்தா என்று திரவமானி சொல்லாது. சாற்றை ஆறவைத்து ஈஸ்ட் போடுவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.

கடைசி அளவும் ஒரு தடவையோடு நின்றுவிடக் கூடாது. குமிழி அடங்கிவிட்டது என்பது நொதித்தல் முடிந்ததற்கு அடையாளமல்ல. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அளந்தும் எண் அசையவில்லை என்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம். பாட்டிலுக்குள் ஒரு புள்ளி இறங்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது அரை லிட்டர் வாயு. சாதாரண பீரில் இருப்பதே லிட்டருக்கு இரண்டரை லிட்டர்தான். வழக்கமான நுரைக்கு மேல் நாலு புள்ளி மிச்சத்தோடு மூடி போட்டால் இன்னும் இரண்டு லிட்டர் சேரும். சாதாரணக் கண்ணாடி பாட்டில் அதற்குத் தாங்காமல் வெடிக்கலாம்.